சின்ன பேட்டரியில் நேரடியாக எரியும் எல்இடி டார்ச்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

ஒரு வெள்ளை எல்இடியின் இரண்டு கால்களுக்கும் நடுவே காயின் செல்லைச் செருகி விரலால் அழுத்துங்கள். வெளிச்சம் வந்துவிடும். கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் வேண்டாம், டிரைவர் போர்டு வேண்டாம், சால்டர் கூட வேண்டாம். சாவிக்கொத்தில் தொங்கும் விளக்கு, பேனா முனையில் வரும் விளக்கு, மூன்று டிரிபிள்-ஏ செல் போடும் ஒன்பது எல்இடி டார்ச் எல்லாமே இந்த ஒரே ஏற்பாட்டின் பிள்ளைகள். பேட்டரியும் எல்இடியும் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன.

இவ்வளவு எளிமையான பொருள் என்பதாலேயே, எரியாமல் போனால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். என் கைக்கு வந்த இப்படிப்பட்ட விளக்குகளில் பெரும்பாலானவற்றில் எல்இடி நன்றாகவே இருந்தது. செல்லோ, ஸ்பிரிங்கோ, சுவிட்சோதான் காரணம். ஒரு மல்டிமீட்டர், ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், ஒரு துண்டு ஒயர், சிஆர்2032 என்ற 3 வோல்ட் காயின் செல் நல்லதாக ஒன்று, இவை இருந்தால் போதும், பழுது எங்கே என்று சொல்லிவிடலாம்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரே ஒரு விஷயம். இது பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

செல்லே இங்கே ரெசிஸ்டர்

பழைய குண்டு பல்புக்கு வோல்டேஜ் கொஞ்சம் கூடினால் கரண்டும் கொஞ்சம்தான் கூடும். எல்இடி அப்படியல்ல. அதற்கு ஒரு வாசற்படி உண்டு. படிக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே ஓடாது. படியைத் தாண்டிவிட்டால் கரண்ட் மடமடவென்று ஏறும். சிவப்பு எல்இடிக்கு அந்தப் படி 1.8 முதல் 2.2 வோல்ட் வரை. வெள்ளைக்கும் நீலத்துக்கும் 2.8 முதல் 3.4 வோல்ட் வரை. சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடிக்கு உகந்தது 20 மில்லி ஆம்பியர். அதனால்தான் எல்இடியோடு ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துக் கரண்டை மட்டுப்படுத்தச் சொல்கிறார்கள்.

நேரடி இணைப்பில் அந்த ரெசிஸ்டர் எங்கே? செல்லுக்கு உள்ளேயே இருக்கிறது. புது சிஆர்2032 செல்லின் உள்மின்தடை 10 முதல் 20 ஓம் வரை இருக்கும்; செல் தேயத் தேய அது ஏறிக்கொண்டே போகும். டிரிபிள்-ஏ அல்கலைன் செல்லில் அது கால் ஓம் அளவுதான். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, லித்தியம்-அயான் செல்களில் அதைவிடவும் குறைவு. ஆக, 'எத்தனை வோல்ட்' என்று மட்டும் பார்த்து செல்லை மாற்றினால் விளக்கு மங்கும், அல்லது கருகும். எத்தனை வோல்ட், உள்ளே எத்தனை ஓம் என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கொஞ்சம்கூட எரியவில்லை

புதிதாக வாங்கியது என்றால் முதலில் செல்லை வெளியே எடுத்துப் பாருங்கள். செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று வைத்து அனுப்புவார்கள். வழியில் செல் தீராமல் இருக்க அந்த ஏற்பாடு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி கிழிந்து, மீதி உள்ளேயே தங்கிவிடுவது உண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மெல்லியது.

அடுத்து, திசை. காயின் செல்லில் எழுத்துப் பொறித்த அகலமான முகம் பிளஸ். சிறிய வட்டமாகத் தெரிகிற மறுமுகம் மைனஸ். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பிளஸ் உலோகம் முகத்தோடு நிற்பதில்லை, செல்லின் ஓரம் முழுவதையும் சுற்றி வந்து மைனஸ் முகத்தின் விளிம்பு வரை மடிந்திருக்கிறது. நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம்தான் பிரிக்கிறது. எல்இடியின் மைனஸ் காலைச் சற்றே சாய்வாக வைத்தாலும் அது அந்த விளிம்பைத் தொட்டுவிடும். அப்போது கரண்ட் எல்இடி வழியாகப் போகாமல் குறுக்கே பாய்ந்து செல்லைத் தீர்க்கும். கையால் செய்த விளக்கு எரியாததற்கு நான் அடிக்கடி பார்த்த காரணம் இதுதான். மைனஸ் கால் செல்லின் நடுப்பகுதியை மட்டும் தொடும்படி வளையுங்கள். ஓரத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால் கவலை இல்லை.

எல்இடியின் நீளமான கால் பிளஸ். கால்களை வெட்டிவிட்டால் அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள்: வட்டம் ஓரிடத்தில் தட்டையாகச் சீவியது போல இருக்கும். அந்தப் பக்கம் மைனஸ். தெளிவான கண்ணாடி எல்இடி என்றால் உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள் தெரியும்; பெரும்பாலும் கிண்ணம் போலப் பெரிதாக இருப்பது மைனஸ். தலைகீழாக மாட்டிவிட்டோமே, செத்துப் போயிருக்குமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான எல்இடிகள் எதிர்த்திசையில் 5 வோல்ட் வரை தாங்கும். 3 வோல்ட் செல்லில் ஒன்றும் ஆகாது. திருப்பி மாட்டினால் எரியும்.

திசையும் சரி, செல்லும் சரி, இன்னும் எரியவில்லை என்றால் எல்இடியைத் தனியே சோதியுங்கள். நல்ல சிஆர்2032 ஒன்றை அதன் கால்களில் நேராகத் தொடுங்கள். மங்கலாகவாவது எரிந்தால் எல்இடி உயிரோடு இருக்கிறது. மல்டிமீட்டரின் டயோடு நிலையில் வைத்துச் சோதிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆனால் பல மீட்டர்கள் அந்த நிலையில் 3 வோல்ட்டுக்குக் குறைவாகவே தருகின்றன. வெள்ளை எல்இடி எரியாது. நல்லதையே கெட்டது என்று எண்ணிவிடுவீர்கள். காயின் செல்தான் இதற்கு நம்பகமான கருவி.

குழாய் வடிவ டார்ச்சில் எல்இடி நல்லதென்றால் பின்மூடியைக் கழற்றுங்கள். செல் உள்ளேயே இருக்கட்டும். ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையைச் செல்லின் பின்பக்க மைனஸிலும், மறுமுனையைக் குழாயின் பளபளப்பான உலோக விளிம்பிலும் வையுங்கள். எரிந்தால் குற்றவாளி மூடிக்குள் இருக்கும் சுவிட்ச்தான். எரியாவிட்டால் சுவிட்சை விட்டுவிட்டு முன்பக்கம் தேடுங்கள். ஒயரை நிறம் பூசிய பகுதியில் வைத்தால் சோதனை பொய்த்துவிடும். அலுமினியக் குழாயின் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. விளிம்பும் மரையின் நுனியும் மட்டுமே பூச்சில்லாமல் விடப்பட்டிருக்கும். மூடியை முழுவதும் இறுக்காமல் விட்டால் எரியாமல் போவதும் இதனால்தான்.

புது செல் போட்டும் மங்கலாகவே எரிகிறது

என்னை அதிக நேரம் அலைக்கழித்த அறிகுறி இது. என் சாவிக்கொத்து விளக்கு ஒருநாள் மங்கியது. திறந்து பார்த்தேன்; வட்டமான செல். இருட்டில் விளிம்பை மட்டும் பார்த்து சிஆர்2032 என்று முடிவு செய்து, புதியதை வாங்கிப் போட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் வெளிச்சம் பழைய செல்லில் இருந்ததைவிடக் குறைவு. செல் பழையதோ என்று இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. எல்இடியை மாற்றக் கூடக் கிளம்பிவிட்டேன். பிறகு கழற்றிப் போட்ட பழைய செல்லை மேசையில் வைத்தபோது அது இரண்டாகப் பிரிந்தது.

ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு சிஆர்2016 செல்கள். அந்த எண்ணிலேயே விடை இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது: 20. அடுத்த இரண்டு தடிமனை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகச் சொல்கிறது: சிஆர்2032 என்றால் 3.2 மில்லிமீட்டர், சிஆர்2016 என்றால் 1.6 மில்லிமீட்டர். இரண்டு 2016 சேர்ந்தால் ஒரு 2032-இன் தடிமன் அச்சாக வந்துவிடும். ஆனால் இரண்டு 2016 தொடராக நின்று 6 வோல்ட் தருகின்றன. ஒரு 2032 தருவது 3 வோல்ட். வெள்ளை எல்இடியின் வாசற்படியில் நிற்கிற விளக்குக்கு 3 வோல்ட் கால் ஊன்றவே சரியாக இருக்கும். இரண்டு 2016 போட்டதும் விளக்கு பழைய பளிச்சுக்குத் திரும்பியது.

இதை அப்படியே தலைகீழாகவும் செய்துவிடலாம், கவனம். 2032 ஒன்றுக்காக வடிவமைத்த விளக்கில் இரண்டு 2016 போட்டால் எல்இடிக்கு அளவுக்கு மீறிய கரண்ட் போகும். செல்லைக் கழற்றியவுடன் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, எத்தனை செல் என்று எண்ணிய பிறகே புதியது வாங்குங்கள். சிறிய பட்டன் செல்கள் போடும் விளக்குகளிலும் இப்படித்தான்: எல்ஆர்44, எல்ஆர்41 ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், மூன்றை அடுக்கினால்தான் 4.5. மூன்றில் ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டால் கூட்டு 1.5 வோல்ட்டாகச் சரிந்துவிடும். வெள்ளை எல்இடியில் பொட்டு வெளிச்சம்கூட வராது.

செல்லின் வகை சரிதான், ஆனாலும் மங்கல் என்றால் செல்லைச் சும்மா அளந்து ஏமாறாதீர்கள். தேய்ந்துபோன காயின் செல்கூட மீட்டரில் 2.9 வோல்ட் வரை காட்டக்கூடும். மீட்டர் கரண்ட் இழுப்பதில்லை, எனவே உள்மின்தடை ஒளிந்துகொள்கிறது. வேலை கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். 100 ஓம் ரெசிஸ்டரைச் செல்லின் இரு முகங்களுக்கும் குறுக்கே ஓரிரு விநாடி மட்டும் வைத்து, அந்த நேரத்தில் வோல்டேஜைப் படியுங்கள். நல்ல சிஆர்2032, 3 வோல்ட்டிலிருந்து 2.6 அளவுக்கு இறங்கும். கணக்குப் போட்டால் உள்ளே ஏறக்குறைய 15 ஓம். தேய்ந்த செல் 2 வோல்ட்டுக்குக் கீழே விழுந்துவிடும். உள்ளே 50 ஓமுக்கு மேல் ஏறிவிட்டது என்று பொருள். கடிகாரத்தையோ ரிமோட்டையோ அது இன்னும் ஓட்டும். விளக்கை ஓட்டாது.

செல்லும் தேறிவிட்டால், வழியில் எங்கோ வோல்டேஜ் தொலைகிறது. விளக்கை எரியவிட்டபடியே மீட்டரின் இரு முனைகளையும் சுவிட்சின் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். மூடிய சுவிட்சின் குறுக்கே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்ட வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே இழப்பு. அதேபோல ஸ்பிரிங்கின் அடியிலும் நுனியிலும். பெரிய பேட்டரி போட்ட டார்ச்சில் 0.2 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. வாசற்படியில் நிற்கும் எல்இடிக்கு அந்த 0.2 வோல்ட்தான் பளிச்சுக்கும் மங்கலுக்கும் உள்ள தூரம். பூச்சு தேய்ந்து துருவேறிய ஸ்பிரிங்காக இருந்தால் மெல்லிய செம்பு ஒயர் ஒன்றை ஸ்பிரிங்கின் அடிக்கும் நுனிக்கும் நடுவே, ஸ்பிரிங் அமுங்க இடம் விட்டுத் தளர்வாக சால்டர் செய்துவிடுங்கள். கரண்ட் செம்பு வழியே போகும். ஸ்பிரிங் அழுத்தும் வேலையை மட்டும் பார்க்கும்.

கரண்டை அளக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மீட்டரை மில்லி ஆம்பியர் நிலையில் தொடராகச் சேர்த்தால் மீட்டரின் சொந்தத் தடையும் உள்ளே நுழைந்து, விளக்கை மங்கவைத்து, குறைவான எண்ணைக் காட்டும். அதற்குப் பதில் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்து அதன் குறுக்கே மில்லி வோல்ட்டில் படியுங்கள். 12 மில்லி வோல்ட் என்றால் 12 மில்லி ஆம்பியர். ஆம்பியர் நிலையில் உள்ள மீட்டரைச் செல்லின் இரு முனைகளிலும் நேராக வைக்கவே கூடாது, அது ஷார்ட்.

முதலில் பளிச், சிறிது நேரத்தில் மங்கல், ஓய்வு கொடுத்தால் மீண்டும் பளிச்

இது பழுது அல்ல. காயின் செல்லின் இயல்பு.

சிஆர்2032 செல்லின் கொள்ளளவு 220 மில்லி ஆம்பியர்-மணி அளவில் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த எண் 0.2 மில்லி ஆம்பியர் போன்ற மிகச் சிறிய கரண்டில் அளந்தது. எல்இடி கேட்பதோ அதைப்போல ஐம்பது மடங்கு. புது செல்லில் தொடக்கத்தில் 10 மில்லி ஆம்பியர் அளவு ஓடும். செல்லுக்குள் நடக்கும் வேதிவினை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வோல்டேஜ் இறங்கும். வாசற்படி அருகில் வந்ததும் கரண்ட் சில மில்லி ஆம்பியராகச் சுருங்கும். அணைத்து வைத்தால் செல் மூச்சு வாங்கிக்கொண்டு வோல்டேஜ் ஓரளவு ஏறும். 220-ஐப் பத்தால் வகுத்து 22 மணி நேரம் பளிச்சென்று எரியும் என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

குளிரில் இது இன்னும் மோசமாகும், உள்மின்தடை ஏறிவிடும். விளக்கைச் சட்டைப் பைக்குள் சற்று நேரம் வைத்து எடுத்தால் தெளியும்.

கைப்பிடி அளவு வெள்ளை எல்இடிகள் உங்களிடம் இருந்தால் ஒரே செல்லில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே வெளிச்சம் தராது. வாசற்படி தாழ்வாக உள்ளது அதிகம் பளிச்சிடும். காயின் செல் விளக்குக்கு அதையே தேர்ந்தெடுங்கள். செல் இறங்கிய பிறகும் நெடுநேரம் கூட வரும். நீண்ட நேரம் தொடர்ந்து வெளிச்சம் வேண்டும் என்றால் காயின் செல்லை விட்டு டிரிபிள்-ஏ அல்லது டபுள்-ஏ செல்லுக்குப் போவதுதான் நியாயம். அவசரத்தில் சாவித் துளையைத் தேட காயின் செல் போதும். இரவெல்லாம் படிக்க அது ஆகாது.

வெளிச்சம் நீலம் பாரித்துச் சுடுகிறது

உடனே அணையுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

வெள்ளை எல்இடி உள்ளே நீல எல்இடிதான். நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் ஃபாஸ்பர் பூசியிருக்கிறது. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. (அந்த நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.) அளவுக்கு மீறிய கரண்ட் போனால் சில்லு சுட்டு, ஃபாஸ்பரும் சுட்டு, ஈடுகொடுக்க முடியாமல் நீலம் கசிந்து வெளியே தெரியும். அப்படி எரிந்த எல்இடியை அணைத்துவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மஞ்சள் பரப்பின் நடுவே பழுப்புப் புள்ளி தெரிந்தால் அதற்கு ஆயுள் அதிகமில்லை.

காரணம் பெரும்பாலும் பேட்டரி மாற்றம். மூன்று டிரிபிள்-ஏ போடும் ஒன்பது எல்இடி டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றில் மலிவானவை பலவற்றில் ரெசிஸ்டரே கிடையாது. ஒன்பதும் ஒன்றோடொன்று இணையாக நேரே பேட்டரியில். செல்களின் தடை, ஸ்பிரிங், சுவிட்ச் எல்லாம் சேர்ந்து தாங்கிப் பிடிக்கின்றன. அந்த இடத்தில் ஒரு லித்தியம்-அயான் செல்லைப் பொருத்துகிறார்கள். 'அதுவும் 3.7 வோல்ட்தானே, 4.5-ஐ விடக் குறைவுதானே' என்று தோன்றும். முழு சார்ஜில் அது 4.2 வோல்ட். முக்கியமாக, அல்கலைன் செல்கள் கரண்ட் கொடுக்கும்போது வோல்டேஜ் சரிந்து எல்இடியைக் காப்பாற்றுகின்றன, லித்தியம்-அயான் சரிவதில்லை. எல்இடி சூடாகும்போது அதன் வாசற்படி டிகிரிக்குச் சில மில்லி வோல்ட் வீதம் தாழ்கிறது; தாழ்ந்தால் இன்னும் கரண்ட்; இன்னும் சூடு. ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே போகும்.

சார்ஜ் ஏற்றும் எல்ஐஆர்2032 செல்லும் இப்படித்தான். அளவில் சிஆர்2032 போலவே இருந்தாலும் முழு சார்ஜில் 4.2 வோல்ட். சாதாரண சிஆர்2032-ஐ சார்ஜ் ஏற்ற முயல்வதோ அதைவிட ஆபத்து, வெடிக்கக்கூடும். 10440 என்ற லித்தியம்-அயான் செல் டிரிபிள்-ஏ அளவிலேயே இருக்கும். மூன்றை அடுக்கினால் 12.6 வோல்ட். டார்ச்சின் மேல் அந்த எண் எழுதியிருந்தால் ஒழிய அதை உள்ளே விடாதீர்கள்.

சரிசெய்வது கடினமல்ல. பேட்டரி வோல்ட்டிலிருந்து எல்இடியின் வோல்ட்டைக் கழித்து, வேண்டிய கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டரின் அளவு வந்துவிடும். 4.2 வோல்ட் செல், 3.2 வோல்ட் எல்இடி, 20 மில்லி ஆம்பியர்: 1.0-ஐ 0.02-ஆல் வகுத்தால் 50. கிடைக்கும் அளவுகளில் அதற்கு மேலே உள்ள 56 ஓம் போடுங்கள். மூன்று அல்கலைன் செல்லுக்கு 1.3-ஐ 0.02-ஆல் வகுத்து 65. 68 ஓம் போடலாம். 9 வோல்ட் சதுர பேட்டரி என்றால் ஒரு எல்இடியோடு பெரிய ரெசிஸ்டர் வைத்து ஆற்றலைச் சூடாக்கி வீணாக்குவதைவிட, இரண்டு எல்இடிகளைத் தொடராக வைத்து 150 ஓம் போடுவது மேல்.

ஒன்பது எல்இடி டார்ச்சில் ஒவ்வொன்றுக்கும் ரெசிஸ்டர் வைக்க இடமிருக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று வைக்கலாம்: ஒன்பதுக்கும் சேர்த்து 180 மில்லி ஆம்பியர், 1.0-ஐ 0.18-ஆல் வகுத்தால் ஐந்தரை ஓம். அரை வாட் தாங்கும் 5.6 ஓம் ரெசிஸ்டரை எல்இடி போர்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே சால்டர் செய்துவிடுங்கள். கால் வாட் வேண்டாம், 0.18 வாட் அதில் ஓடும், மூடிய குழாய்க்குள் அது நெருக்கடி. செல்லின் மேல் மட்டும் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள். லித்தியம் செல்லானால் தீப்பிடிக்கக்கூடும். தகடு பொருத்திய செல் அல்லது செல் கூடு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்பதில் இரண்டு மட்டும் பளிச், சிலது மங்கல், சிலது இல்லை

இணையாக மாட்டிய எல்இடிகளில் வாசற்படி எது தாழ்வோ அது மற்றவற்றின் பங்கையும் சேர்த்துக் குடிக்கும். குடித்தது சுடும், சுட்டது இன்னும் தாழும், கடைசியில் கருகும். அதன் பங்கு அடுத்ததற்குப் போகும். ஒன்று போன டார்ச்சில் சில மாதங்களில் நான்கைந்து போயிருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே ஒன்று மட்டும் அணைந்தபோதே திறந்து, மேலே சொன்ன 5.6 ஓமைச் சேர்த்துவிடுவது நல்லது.

ஆனால் கருகிவிட்டது என்று முடிவுகட்டும் முன் முகப்பை நகத்தால் தட்டிப் பாருங்கள். அணைந்தது ஒரு கணம் எரிந்தால் அது சால்டர் விரிசல். காலைச் சுற்றி வளையம் போல மெல்லிய கோடு தெரியும். சூடுகாட்டி, புதிய சால்டர் சிறிது விட்டால் முடிந்தது. மாற்றவே வேண்டியிருந்தால், காயின் செல்லில் தொட்டுப் பார்த்து மற்றவற்றோடு ஒத்த வெளிச்சம் தருவதையே போடுங்கள்.

சிமிட்டுகிறது, தட்டினால் எரிகிறது

லூஸ் கான்டாக்ட். எங்கே என்பதுதான் கேள்வி. விளக்கை எரியவிட்டு மூடியை மட்டும் அசையுங்கள், பிறகு தலையை மட்டும், பிறகு சுவிட்சை மட்டும். எதை அசைக்கும்போது சிமிட்டுகிறதோ அங்கே.

செல் அறையைத் திறந்ததும் வெள்ளைப் பொடியோ பச்சைப் படிவமோ தெரிந்தால் அல்கலைன் செல் கசிந்திருக்கிறது. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள். பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்துத் தடவினால் நுரைத்துக்கொண்டு கரையும். அம்மாவின் டார்ச் ஒன்றை இப்படித் துடைத்தபோது, பச்சைப் படிவத்துக்கு அடியில் ஸ்பிரிங் கரும்பழுப்பாக, ஒரு சுற்று முழுவதும் அரித்துக் கம்பி பாதியாக மெலிந்திருந்தது. துடைத்ததும் எரிந்தது, இரண்டு நாளில் மீண்டும் சிமிட்டியது. அந்த அளவுக்கு அரித்த ஸ்பிரிங்கை மாற்றிவிட வேண்டும். துடைத்து மீட்க முடியாது. மற்றபடி, வினிகருக்குப் பின் தண்ணீரில் நனைத்த குச்சி, அதற்குப் பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிறகு நன்றாகக் காயவிடுதல். வினிகரை அப்படியே விட்டால் அதுவே அரிக்கும்.

உப்புத்தாளால் தேய்ப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். அழுக்கோடு நிக்கல் பூச்சும் போய்விடும், துரு அதன்பிறகு வேகமாக வரும். பென்சில் அழிக்கும் ரப்பர் போதும்.

தகடு பின்வாங்கியிருந்தால் சிறிய திருப்புளியால் மெதுவாக முன்னுக்கு வளையுங்கள். அழுத்தி எரியவைக்கும் சாவிக்கொத்து விளக்கில் எல்இடியின் கால்தான் சுவிட்ச். பலமுறை அழுத்தி அது தளர்ந்திருக்கும். செல்லை எடுத்துவிட்டுக் காலைச் சற்று வெளிப்பக்கம் வளைத்துவிட்டால் துள்ளல் திரும்பும்.

ஒற்றை 1.5 வோல்ட் செல்லில் வெள்ளை எல்இடி எரியவே இல்லை

எரியாது. 1.5 வாசற்படிக்குப் பாதிதான். எவ்வளவு பெரிய செல்லானாலும் அப்படியே. சிவப்பும் எரியாது. ஒற்றை செல்லில் எரியும் டார்ச்சுகளுக்குள் வோல்டேஜ் ஏற்றும் சுற்று இருக்கிறது: ஒரு காயில் (கம்பிச் சுருள்), ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர் இருந்தால் கையாலேயே செய்யலாம். சூரிய ஒளித் தோட்ட விளக்கு ஒன்று பழுதாகிக் கிடந்தால், அதற்குள் நான்கு கால் சிப்பும் ரெசிஸ்டர் போலத் தோன்றும் காயிலும் இருக்கும், 1.2 வோல்ட் செல்லில் வெள்ளை எல்இடியை எரிப்பதற்கென்றே செய்தவை. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அல்லது இரண்டு செல் போட்டால் மங்கலாக, மூன்று செல்லும் ரெசிஸ்டரும் போட்டால் முழுதாக எரியும்.

அணைத்து வைத்தும் செல் தீர்ந்துவிடுகிறது

லித்தியம் காயின் செல் சும்மா கிடந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான் இழக்கும். ஒரு மாதத்தில் தீர்ந்தால் ஏதோ குடிக்கிறது. சாவிக்கொத்து விளக்கென்றால் பைக்குள் சாவிகள் அதன் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும். பகலில் பைக்குள் எரிவது யாருக்கும் தெரியாது. பொத்தானைச் சுற்றி உயரமான விளிம்பாக ரப்பர் வளையம் ஒன்றை ஒட்டிவிடுங்கள். குழாய் டார்ச்சென்றால் மூடியை அரைச்சுற்றுத் தளர்த்தி வைத்தால் மின்சுற்றே அறுந்துவிடும். பையில் தானாக எரியவும் செய்யாது. தொட்டால் மாறும் மென்சுவிட்ச் வைத்தவற்றில் அணைந்த நிலையிலும் சிறு கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், அவற்றுக்கும் இந்தத் தளர்த்தல்தான் மருந்து. ஈரம் புகுந்திருந்தாலும் கசியும். திறந்து காயவைத்து மீண்டும் பாருங்கள்.

நேரடியாக மாட்டிய லித்தியம்-அயான் செல்லை இரவு முழுவதும் எரியவிட்டு மறந்தால் நிறுத்த அங்கே யாரும் இல்லை. எல்இடி மங்கி மங்கிச் செல்லை ஒட்ட உறிஞ்சும். பாதுகாப்புச் சுற்று உள்ள செல்லையே வாங்குங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்ததைத் திரும்ப சார்ஜ் ஏற்றாதீர்கள்.

தீர்ந்தது என்று கழற்றிய காயின் செல்லை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். விளக்கை எரிக்க முடியாத செல்லிலும் குழந்தையின் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரிக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கிறது. விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கழற்றியவுடன் இரு முகங்களிலும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மூடிய டப்பாவில் போட்டு வைத்து, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். விளக்கின் செல் மூடிக்குத் திருகு இருந்தால் அதைத் திரும்ப முடுக்க மறக்காதீர்கள்.